புதுப்பிப்பு: வெள்ளவத்தை முற்றத்தில் தேங்கிய மழைநீர்

சீமெந்து முற்றத்தில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்குகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முழுவதையும் உடைக்கவில்லை. கூரைப் பீலித் தண்ணீர் விழும் பக்கத்தை மட்டும் பெயர்த்து, அத்திவாரத்திலிருந்து நன்கு தள்ளித் தாழ்வான பாத்தி ஒன்று அமைத்தோம். அடியில் சல்லிக்கல், மேலே மணலும் கூட்டெருவும் கலந்த மண். மே மாதம் தென்மேற்குப் பருவமழை கொட்டியபோது, இரவில் நிரம்பிய நீர் காலைக்குள் இறங்கிவிட்டது! டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் தேங்கிய நீர் வேண்டும். இங்கே அதற்கு வழியே இல்லை. அழகைவிட எனக்கு இதுவே பெரிது.

நடுவில் கல்வாழையும் சேம்பும், ஓரத்தில் றம்பையும் வல்லாரையும் நட்டோம். வல்லாரைச் சம்பலுக்கு இப்போது சந்தைக்குப் போவதில்லை. புல்தரை போடச் சொன்னவர்களுக்கு: மதில் நிழலில் அது செழிக்காது, பராமரிப்பும் அதிகம்.

இடம் சிறியது என்று தயங்குபவர்கள் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் உள்ள, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் இல்லத்தைப் பாருங்கள். வானத்துக்குத் திறந்த அந்தச் சிறு முற்றங்கள்தான் எனக்குத் துணிவு தந்தன.

அடுத்து, வாகனம் நிறுத்தும் இடத்தில் இடைவெளி விட்டுக் கல் பதிக்கப்போகிறோம். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.