தேவ சித்தத்தை அறிய நடைமுறையில் என்ன செய்வது?

தேடல்27:
'உன் வாழ்க்கைக்கு ஒரு திட்டம் இருக்கிறது' என்று எல்லாரும் வேதாகமத்தில் எரேமியா 29:11-ஐக் காட்டுகிறார்கள். அது எந்தத் திட்டம் என்று கண்டுபிடிக்கும் வழியைக் கேட்டால், 'ஜெபி, காத்திரு' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கையில் வேலை இருக்கிறது. அதிலேயே தொடர்வதா, முழுநேர ஊழியத்துக்குப் போவதா? தினமும் எவ்வளவு நேரம், என்ன எழுதுவது, யாரிடம் கேட்பது என்ற அளவில் சொல்லுங்கள்.

ஒலிவமரம்:
முதலில் அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்று 10-ஆம் வசனத்தில் இருக்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அதுவரை என்ன செய்வது? 5 முதல் 7 வரை பாருங்கள்: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளை பெறு, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. 11-ஆம் வசனத்தில் 'உங்கள்' என்பது ஒரு ஜனக்கூட்டத்தைக் குறிக்கிறது. தனியாளுக்கு வந்த நியமன உத்தரவு அல்ல.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பது, ஜனவரி 1 அன்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை வைத்து ராஜினாமா எழுதுவது, இரண்டும் வேண்டாம். கிதியோனைப் போல அடையாளம் கேட்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: நியாயாதிபதிகள் 6:14-லேயே 'போ' என்ற கட்டளை அவனுக்கு வந்தாயிற்று. 37-இல் அடையாளத்துக்காக மயிருள்ள தோலைக் களத்தில் போட்டது சித்தம் தெரியாததால் அல்ல, தெரிந்ததை நம்ப முடியாததால்.

அப்போஸ்தலர் 13:1-3 நல்ல மாதிரி. பர்னபாவும் சவுலும் (பிற்பாடு பவுல்) அந்தியோகியா சபையில் முன்பே ஒரு வருஷம் போதித்தவர்கள் (11:26). சபை உபவாசித்து ஆராதிக்கும்போது அழைப்பு வந்தது. கை வைத்து அனுப்பியதும் சபைதான். ஆகவே ஒரே ஒரு பொறுப்பை எடுங்கள்: ஓய்வுநாள் பள்ளி வகுப்போ, ஆஸ்பத்திரி சந்திப்போ. வாரம் 2 மணி நேரம், 6 மாதம், இடையில் மாற்றாமல். பிறகு மூன்று பேரிடம் கேளுங்கள்: வீட்டில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், உங்களை நன்றாக அறிந்த சபை மூப்பர் ஒருவர். 'எனக்கு அழைப்பு இருக்கிறதா?' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். 'என்னால் யாருக்குப் பிரயோஜனம், எங்கே இடைஞ்சல்?' என்று கேளுங்கள்.

செபமாலை:
கத்தோலிக்கத் தரப்பில் இதைத் 'தேர்ந்து தெளிதல்' என்போம். 1521-இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் நடந்த போரில் குண்டடிபட்டுக் காலொடிந்து, பிறகு வீட்டில் படுத்திருந்த புனித இஞ்ஞாசியார் (இயேசு சபையை நிறுவியவர்) கவனித்த ஒரு சின்ன விஷயம்தான் அடிப்படை. வீரதீரக் கனவுகள் காணும்போது இனித்தன, முடிந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப் பற்றிய நினைவோ கலைந்த பிறகும் நிறைவைத் தந்தது. பின்சுவைதான் அளவுகோல்.

தினம் 15 நிமிடம் ஆன்ம சோதனை: நன்றி, தூய ஆவியின் ஒளி கேட்டல், காலையிலிருந்து நாளைப் புரட்டிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பிறகு இரண்டே வரி எழுதுங்கள்: இன்று அன்பும் நம்பிக்கையும் கூடிய நேரம் எது, வற்றிய நேரம் எது. 'அலுவலகம்' என்று எழுதாதீர்கள்; 'புதிதாக வந்தவருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த அரை மணி' என்று எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து மொத்தமாகப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் தாளை நான்காக மடியுங்கள்: போனால் நன்மை, தீமை, இருந்தால் நன்மை, தீமை. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், எடையைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள், மரணப் படுக்கையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள் என்பதையும் இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல் கேட்கச் சொல்கிறது. இரண்டு பக்கமும் நல்லதாக இருந்தால்தான் இந்த முறை செல்லும். திருமணம் ஆனவர் 'திருமணம் வேண்டுமா' என்று இதில் உட்காரக் கூடாது. வறட்சியான நாளில் பழைய தீர்மானத்தை மாற்றவும் கூடாது.

உப்புக்கல்:
மனவறட்சி உடல்நலக் குறையாகவும் இருக்கலாம் என்பதை மேலே இருவரும் பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லை என்றால் அதை ஆவிக்குரிய சோதனை என்று வைத்துக்கொண்டிராமல் டாக்டரைப் பாருங்கள், ஜெபமும் நடக்கட்டும்.

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி கையுயர்த்தி ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தால் அந்த வாரமே வேலையை விடாதீர்கள். வீட்டுக் கடன், பெற்றோர் செலவு, குறைந்தது 6 மாதச் சாப்பாட்டுக்கான பணம், இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் பேசுங்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார் (அப். 18:3). முழுநேரம் மட்டும்தான் ஊழியம் என்று யாரும் நிர்ணயிக்கவில்லை.

தேடல்27:
நன்றி ஐயா. அந்த 15 நிமிடத்தை இரவில் முயன்றால் பாதியில் தூங்கிவிடுவேன் போலிருக்கிறதே?

செபமாலை:
படுக்கையில் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. அப்போதும் தூங்கினால் மதிய இடைவேளைக்கு மாற்றி, நேற்று மதியம் முதல் இன்று மதியம் வரை பாருங்கள்.