பிப்ரவரியில் அரிசோனா: அப்பாவோடு ஆர்வி எடுத்தால் ராத்திரி நிறுத்த இடம் கிடைக்குமா?

பினாங்கு_நர்ஸ்:

வணக்கம். நான் ஆயர் ஈத்தாம். அப்பா 31 வருஷம் பட்டர்வொர்த்–கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினவர். ஆர்வி என்கிற, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியை ஒரு தடவையாவது தானே ஓட்ட வேண்டும் என்பது ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய ஆசை. அக்கா அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் அம்மாவின் பால்குடம் முடிந்ததும், பிப்ரவரி 9 வாக்கில் கிளம்பலாம் என்று இருக்கிறோம். நாங்கள் மூன்று பேர், அக்கா ஒருத்தி. 16 நாள். டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, கிராண்ட் கேன்யன் என்று மூன்று தேசியப் பூங்கா.

போன வாரம் அக்கா சொன்னதைக் கேட்டு பயம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து எல்லாரும் அங்கேதான் இறங்குவார்களாம், ஆர்வி நிறுத்த இடமே இருக்காதாம். அப்பாவுக்கு இன்சுலின். ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பார். இருட்டில் இடம் தேடி அலைகிற நிலைமை மட்டும் அவருக்கு வரக்கூடாது.

இப்போது ஜூன். இதுவே தாமதமா? வண்டியை முதலில் புக் பண்ணுவதா, இடத்தை முதலில் பிடிப்பதா?

செந்தூல்காரன்:

தங்கச்சி, தாமதம் இல்லை. சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி, மாமியாரோடு பிப்ரவரி கடைசியில் போனேன். நான் செய்த தப்பு, வண்டியை முதலில் எடுத்ததுதான். மலிவாகக் கிடைத்தது என்று 30 அடி வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு, இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் முகாமுக்கு சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே 'நிறைந்தது' என்று பலகை. அங்கிருந்து பாரம்ப் ஊர் வரைக்கும் இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். வழியெல்லாம் விளக்கில்லை. பின்னால் மாமியார் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்த ராத்திரியை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபர்னஸ் கிரீக்குக்கு அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முன்பதிவு உண்டு. தேசியப் பூங்கா இடங்கள் பெரும்பாலும் ரெக்ரியேஷன் டாட் காவ் தளத்தில்தான். பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு முன்னால், அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு இதில் ஒரு வசதி. ஆகஸ்டில் அது மலேசிய நேரம் ராத்திரி 10. அமெரிக்காவின் மேற்கில் இருப்பவர்கள் காலை ஏழு மணிக்குத் தூக்கக் கண்ணோடு உட்காரும்போது நீங்கள் சாப்பிட்டு முடித்து நிதானமாக உட்காரலாம். பிப்ரவரி 12 வேண்டுமென்றால் ஆகஸ்ட் 12. கணக்கை முன்கூட்டியே திறந்து, கார்டு எண்ணைப் போட்டு, இரண்டு மூன்று இட எண்களைக் குறித்து வையுங்கள். பத்தரைக்குப் போய்ப் பார்த்தால் மின்சாரம் உள்ள இடம் இருக்காது. ஃபர்னஸ் கிரீக்கில் ஹூக்கப், அதாவது தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் இணைப்பு, உள்ளது 18 இடம்தான்.

வண்டி நீளத்தை இடத்தை வைத்து முடிவு பண்ணுங்கள். கிராண்ட் கேன்யன் மேத்தர் முகாமில் 30 அடிக்கு மேல் விடமாட்டார்கள், அங்கே மின்சாரமும் கிடையாது. பக்கத்தில் டிரெய்லர் வில்லேஜ் இருக்கிறது, அங்கே தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் உண்டு. அப்பாவுக்காக அதையே எடுங்கள். இரண்டு முகாமும் இருக்கிற தெற்கு விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரம், பிப்ரவரியில் பனி கொட்டும். ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் எந்த முகாமிலும் மின்சாரம் இல்லை. உங்கள் நான்கு பேருக்கு 25 அடி வண்டி தாராளம்.

அப்புறம், கிடைக்கவில்லை என்றால் மனம் விட வேண்டாம். அந்தத் தளத்தில் ரத்து செய்தால் 10 டாலர்தான் பிடிப்பார்கள். ஆனால் வருகிற நாளோ அதற்கு முந்தின நாளோ ரத்து செய்தால் முதல் ராத்திரி வாடகையும் போய்விடும். அதனால் மனம் மாறுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே விட்டுவிடுவார்கள். நான் பாரம்பில் படுத்த மறுநாள் அப்படித்தான் ஜோஷுவா ட்ரீயில் ஒரு இடம் பிடித்தேன். காலி விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி தளத்திலேயே இருக்கிறது, போட்டு வையுங்கள்.

வெள்ளி, சனி ராத்திரிகளைப் பூங்காவுக்குள் வைக்காதீர்கள். பிப்ரவரி மூன்றாவது திங்கள் அங்கே பொது விடுமுறை, அந்த வாரக் கடைசி நம் கேமரன் மலை பள்ளி விடுமுறையில் இருப்பது மாதிரி இருக்கும். அந்த மூன்று நாளும் அக்கா வீட்டில் இருந்துவிடுங்கள்.

சாண்ட்லர்_வாசி:

நான் சொந்த ஊர் பிறை. இங்கே வந்து ஒன்பது வருஷம். உங்கள் அக்கா சொன்னது உண்மை. கனடாக்காரர்களும் மினசோட்டா பக்கத்துக்காரர்களும் நவம்பரில் வந்து ஏப்ரலில்தான் திரும்புவார்கள், தனியார் ஆர்வி பூங்காக்களில் மாதக் கணக்கில் இருப்பார்கள். பிப்ரவரி கடைசியில் பேஸ்பால் அணிகளின் பயிற்சி ஆட்டங்களும் தொடங்கிவிடும். பீனிக்ஸ் சுற்றுவட்டாரம் நிரம்பி வழியும்.

முதல் இரண்டு ராத்திரியை அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே, லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்காவில் வையுங்கள். அரிசோனா மாநிலப் பூங்காக்களுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும், அதனால் இன்றைக்கே பாருங்கள். அது இல்லையென்றால் மேசாவில் யூசரி மலைப் பூங்கா. ஏதாவது புரியாவிட்டால், பழுதானால், அக்கா வீடு பக்கத்தில் இருக்கும். கழிவுத் தொட்டியைக் காலி பண்ணுவதை அங்கேயே ஒரு முறை செய்து பழகிவிடுங்கள்.

அரிசி குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள், எல்லாரும் வைக்கிறார்கள். இங்கே 120 வோல்ட், நம் 240 வோல்ட் குக்கரில் சோறு வேகாது. இங்கே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான், பினாங்கு வீட்டில் குளிக்கிற ஹீட்டர் ஒன்றே அவ்வளவு இழுக்கும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடலாம்.

கிள்ளான்_தம்பி:

எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம்? பிஎல்எம் அரசு நிலத்தில் 14 நாள் வரை சும்மாவே நிறுத்தலாம். குவார்ட்சைட் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், பாலைவனம் முழுக்க வண்டிதான். வால்மார்ட் வாசலில் படுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

செந்தூல்காரன்:

தம்பி, 25 வயசில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வால்மார்ட்டில் விடுவது அந்தந்தக் கடை மேனேஜர் கையில், பல ஊரில் இப்போது விடுவதில்லை. வாடகை வண்டியை மண் சாலையில் இறக்கக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத இடத்தில் பாலைவனக் குளிரில் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினால் பேட்டரி விடியும் வரை தாங்காமல் போகலாம். இன்சுலின் போடுகிறவரை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

தங்கச்சி, நீங்கள் நர்ஸ், உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அந்த வண்டி ஃபிரிஜ்களில் பின் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்த பொருள் உறைந்துவிடும். என் மாமியாரின் கண் சொட்டு மருந்து அப்படித்தான் போனது. கதவுத் தட்டில் வையுங்கள், சின்ன தெர்மாமீட்டர் ஒன்று கூடவே இருக்கட்டும்.

பினாங்கு_நர்ஸ்:

மூன்று பேருக்கும் நன்றி. லாஸ்ட் டச்மேனில் பிப்ரவரி 10, 11 இரண்டு ராத்திரியும் கிடைத்துவிட்டது, மின்சாரத்தோடு! வார நாள் என்பதால் நான்கைந்து இடம் காலியாக இருந்தது. டிரெய்லர் வில்லேஜிலும் இடம் பிடித்துவிட்டேன், திங்கள் முதல் மூன்று ராத்திரி. ஜோஷுவா ட்ரீயில் பூங்காவுக்குள் தங்கவில்லை. ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரில் தனியார் இடம் எடுத்து, பகலில் மட்டும் உள்ளே போய் வருவோம். அந்த நீண்ட வாரக் கடைசி அக்கா வீட்டில். மிச்சம் ஃபர்னஸ் கிரீக். ஆகஸ்டில் எனக்கு ராத்திரி ஷிப்ட் வரும், 12-ஆம் தேதிக்கு மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன்.

25 அடி என்றதும் அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து பக்கத்து வீட்டு மாமரம் வரை வருகிறது. "இதை ரிவர்ஸ் எடுக்கிறதெல்லாம் ஒன்னுமில்லம்மா, புடுராயா பஸ் ஸ்டாண்டுல நாப்பது அடி பஸ்ஸையே எடுத்தவன்" என்றார். வலது பக்கம் ஓட்டுவதுதான் யோசனையாக இருக்கிறதாம். சாண்ட்லர்_வாசி, அங்கே காலியான பெரிய கார் பார்க் ஏதாவது இருக்கிறதா, முதல் நாள் காலை அப்பா ஒரு மணி நேரம் ஓட்டிப் பழக?