செம்பனை மட்டை கை அசைத்தால் என்ன அணி?

சுங்கை சிப்புட் அம்மா:
வணக்கம். மகள் படிவம் ஐந்து, இந்த வருடம் எஸ்பிஎம், மலேசியாவில் பள்ளி முடிக்கும் தேர்வு. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு டவுனுக்கு மாறிய நாளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி: "லோரி கிளம்பியபோது செம்பனை மட்டைகள் போகாதே என்று கை அசைத்தன." நான் உவமை என்றேன். அவள் உருவகம் என்கிறாள். எது சரி?

பந்திங் வாசகர்:
'போல' வரவில்லையே அக்கா, அதனால் உவமை இல்லை. மகள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காப்பார்:
இரண்டும் இல்லை தங்கச்சி, இது தற்குறிப்பேற்ற அணி. மட்டை காற்றில் ஆடுவது இயல்பு. போக மனமில்லாதது உங்கள் மகளுக்கு. தன் மனக்குறிப்பை மட்டையின் மேல் ஏற்றிவிட்டாள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் பறக்கும் கொடிகள் 'வாரல்' என்பனபோல் கை காட்டுகின்றன. வாரல் என்றால் வராதே. அங்கே 'போல்' வந்தும் அது உவமை இல்லை, பாருங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் தேடி முடிவு செய்ய வேண்டாம்.

உவமை, உருவகம் குழப்பத்துக்கு நம் பால்மரமே, அதாவது ரப்பர் மரமே போதும். 'தாய் போன்ற மரம்' என்றால் உவமை. தாய் வேறு, மரம் வேறு. 'மரத்தாய்' என்றால் உருவகம், இரண்டும் ஒன்றாகிவிட்டன.

என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய்விடுவார். மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அப்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து, பட்டை வழியே நீர் இறங்குவதைப் பார்த்தபடி "மரம் அழுவுது" என்பார். பள்ளிக்கூடம் போகாதவர். வகுப்பில் இந்த அணியைச் சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு சொல்லைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதினேன்.

சுங்கை சிப்புட் அம்மா:
மகளுக்குப் படித்துக் காட்டினேன் ஐயா. மரம் அழுத இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அவள் வரியில் ஏதாவது திருத்த வேண்டுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காப்பார்:
இரண்டே சொல். 'காற்றில் ஆடிய செம்பனை மட்டைகள்' என்று தொடங்கட்டும். இயல்பாக நடப்பது முதலில் கண்ணில் பட்டால்தான், அதன்மேல் அவள் ஏற்றியது தெரியும். மற்றதைத் தொட வேண்டாம், நல்ல வரி.