படி வாங்கினால் தன்னார்வலர் இல்லையா?

அங்கன்வாடி மகள்: நேற்று இங்கே ஒருவர், "இந்தியாவில் போலியோவை ஒழித்தது ரோட்டரி சங்கத் தன்னார்வலர்கள். அங்கன்வாடிக்காரர்கள் படிப் பணத்துக்காக வந்த கூலியாட்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அம்மா அங்கன்வாடி ஊழியர். ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து முகாம் முடிந்தாலும் விடாமல், மறுநாளிலிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். சுண்டு விரலில் மருந்து போட்ட அடையாள மை இல்லாத குழந்தையைத் தேடிச் செங்கல் சூளை வரை நடப்பார். அந்தப் படி பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாகப் போகும்.

சக்கரம்85: எழுதியது நான்தான். படி வாங்கினார்களா, இல்லையா? ரோட்டரி போலியோபிளஸ் என்ற போலியோ ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது 1985இல். உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புத் தீர்மானம் போட்டதே 1988இல்தான். நாங்கள் கைக்காசு போட்டு வந்தவர்கள்.

வேலூரான்: 1985இலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எங்கள் வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டார்.

சக்கரம்85: அதை யார் கேட்டது? படி வாங்கினார்களா, இல்லையா?

அங்கன்வாடி மகள்: வாங்கினார், சார். அதுவும் இரண்டு மாதம் கழித்து வந்தது. இப்போது கணக்குக்கு வாருங்கள். நாடு முழுக்க ஒரு சுற்றுக்கு 17 கோடிக் குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேல் ஊழியர்கள். ரோட்டரியில் உலகம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 12 லட்சம் பேர்தான். அப்படியானால் வாசலில் நின்று ஊற்றிய கை யாருடையது? 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தை, அதோடு நின்றது. பீகாரில் கோசி வெள்ளத்தைத் தாண்டிப் போனவர்களும் படி வாங்கியவர்கள்தான். பாகிஸ்தானில் இந்தச் சொட்டு மருந்து கொடுத்ததற்காகவே பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் கூலியாட்களா?

ஊசிதான்சரி: சொட்டு மருந்தாலேயே போலியோ வருகிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

வேலூரான்: மருந்தில் வலுக்குறைத்த போலியோக் கிருமி இருப்பதால் மிக அரிதாக வரும். அதனால்தான் 2016இல் இரண்டாம் வகைக் கிருமியைச் சொட்டு மருந்திலிருந்தே எடுத்தார்கள். போன மாதம் அம்மைத் தடுப்பூசி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

ஊசிதான்சரி: அங்கே பாதியில் ஓடியது நீங்கள்!

சக்கரம்85: இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். அம்மா, உங்கள் தாயார்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காசு வாங்கினால் அது வேலை, தொண்டு இல்லை.

அங்கன்வாடி மகள்: மரியாதை இருந்தால் "கூலியாட்கள்" என்ற சொல்லை எடுங்கள்.

சக்கரம்85: எடுக்க மாட்டேன். படி வாங்கியது உண்மை.

அங்கன்வாடி மகள்: அப்படியானால் நானும் இங்கிருந்து நகரப் போவதில்லை. அம்மாவின் முழங்கால் வலிக்கு எந்தப் படியில் கணக்கு எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.