வீட்டில் எபாக்சி போட்டுப் படகு கட்டினவங்க: மறக்காத ஒரு நாள்?

வள்ளக்காரன்:
பதினாலடிப் படகு, 6 எம்எம் மரைன் பிளைவுட். பலகைகளைச் செம்புக் கம்பியால தைச்சு முடிக்கிறவரை ஒரு சிக்கலும் இல்லை. அடிப்பக்கம் கண்ணாடி இழைத் துணி விரிச்ச அன்னிக்குத்தான் வினை. அடிக்கடி கலக்கச் சோம்பல்பட்டு, ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் சேர்ந்த எபாக்சியை, ஒன்றரை லிட்டர், ஒரே பிளாஸ்டிக் வாளியில கலக்கி வெச்சுட்டேன். சித்தப்பா துணியில சுருக்கம் எடுத்துக்கிட்டிருந்தார். பத்து நிமிஷத்துல வாளி கையைச் சுட்டுது. அப்புறம் புகை. வாளி ஒரு பக்கமா இளகிச் சாயுது. "டேய், வெளிய தூக்கி எறிடா!" முற்றத்து மண்ணுல எறிஞ்சேன். மறுநாள் பார்த்தா தேன் நிறத்துல ஒரு கல்லு, கிளறின குச்சி உள்ளேயே நிக்குது. இப்ப அதுதான் எங்க வாசக்கதவுக்கு முட்டு.

உப்புக்காற்று:
எனக்குப் புகை இல்லை, குமிழ். காலையில எட்டு மணிக்கு ரெசின் தடவினேன். பத்து மணிக்குத் தகரக் கொட்டகை சூடேற, மரத்துக்குள்ள இருந்த காத்து ஆப்பத்துல வர்ற மாதிரி முத்து முத்தா கிளம்பிடுச்சு. ஊசியால குத்திக் குத்தி விரல் ஒட்டிப்போச்சு. ஒண்ணை மட்டும் விட்டுட்டேன், முன் இருக்கைக்குக் கீழே. இப்பவும் படகுல உட்கார்ந்தா விரல் தானா அங்கே போகுது. அதுக்கப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்துதான் தடவுறது.

மாடிவீட்டுக்காரி:
ஐப்பசி அடைமழை. காஞ்ச ரெசின் மேல எண்ணெய் தடவின மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. ஈரக்காத்துல ஹார்ட்னர் விடுற மெழுகுன்னு அப்போ தெரியாது. அதைக் கழுவத் தண்ணியும் தேய்க்கிற நாரும் போதுமாம்! நான் அது மேலயே பெயிண்ட் அடிச்சேன். வண்டியில ஏத்தும்போது தம்பி நகத்தால சுரண்டினான், ஒரு முழம் உரிஞ்சு வந்துச்சு. "பாம்புச் சட்டையாக்கா?"ன்னான்.

பழைய ரெசின்:
வள்ளக்காரன் தம்பி, சீக்கிரம் காயணும்னு ஹார்ட்னரைக் கூடுதலா ஊத்தியிருப்பீங்க. ஃபைபர் படகுப் பட்டறையில பாலியஸ்டர் ரெசினுக்கு அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு விடுவாங்க, மழைன்னா இன்னும் கொஞ்சம். அந்தப் பழக்கம் எபாக்சிக்கு ஆகாது. மிஞ்சின ஹார்ட்னர் உள்ளேயே நின்னு பிசுபிசுக்கும். ஒரு தடவைக்கு இருநூறு மில்லி கலக்குங்க, கலக்கினதும் அகலத் தட்டுல ஊத்திடுங்க. பட்டறையில விக்கிற மேட்டை, அதான் நெய்யாம கண்ணாடி நாரைப் பசையால ஒட்டின விரிப்பை, வாங்கவே வாங்காதீங்க. அதுல நாரைப் பிடிச்சிருக்கிற பசை பாலியஸ்டர்ல இருக்கிற ஸ்டைரின்ங்கிற திரவத்துலதான் கரையும், எபாக்சில விறைச்சுக்கிட்டு நிக்கும். நெய்த துணிதான் சரி. கையில பட்டா தின்னர் போடாதீங்க, தோல் வழியா உள்ளே இழுத்துக்கும். வெயில்ல எபாக்சி மஞ்சளாகிப் பொடியும், மேல பெயிண்டோ வார்னிஷோ கட்டாயம். என் கதையா? மரத்து மேல பாலியஸ்டர் போட்டேன், மூணாம் வருஷம் பாளம் பாளமா கழண்டுச்சு.

வள்ளக்காரன்:
அண்ணே, ரெண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், குவளையில அளந்துதான் ஊத்தினேன். தப்பு, மொத்தத்தையும் ஒரே வாளியில வெச்சதுதான். அது கிடக்கட்டும், மூணு கிலோ மேட் வாங்கி வெச்சிருக்கேன். யாருக்காவது வேணுமா?