கண்டி வாவிக்கரையில் வழிமறிப்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (மதுரை):
சென்ற மாதம் அம்மாவுடன் கண்டிக்கு வந்தபோது, வாவிக்கரையில் ஒருவர் சிரித்தபடி நெருங்கி, எங்கள் விடுதியின் சமையலறையில் வேலை செய்பவர் என்று அறிமுகமாகி, புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி, கடைசியில் மாணிக்கக்கல் கடை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். வெறுங்கையுடன் வெளியே வந்ததும் அவர் முகம் கறுத்துப்போனது. அடுத்து நுவரெலியா, எல்ல ஆகிய மலையூர்களுக்குச் செல்லவிருக்கிறோம், என்ன செய்யலாம்?

பதில் (கண்டி):
அது பழைய தந்திரம், அக்கா. எந்த விடுதி என்று திருப்பிக் கேட்டிருந்தால் விழித்திருப்பார். நின்று விளக்கம் சொல்லாமல், சிங்களத்தில் ‘எபா’ என்று சொல்லிவிட்டு நடங்கள். ‘வேண்டாம்’ என்பதே அதன் பொருள், நம் ‘எப்பா’ அன்று. முச்சக்கரவண்டியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

பதில் (அட்டன்):
மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களில் சுற்றிக் காட்டுவது பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் முடிவில் நீட்டப்படும் எண்ணெய்ப் போத்தலின் விலையில் உங்களை அழைத்துவந்த சாரதிக்கும் பங்கிருக்கும். தேயிலை மலையில் படம் எடுத்தால் காசு கேட்கும் பெண்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் அம்மாவும் கொழுந்துக் கூடை சுமந்தவர். பறித்த கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோக நேரமாகும்போது உங்களுக்காக நின்று சிரிப்பதும் வேலைதான். முதலில் கேளுங்கள், பிறகு எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணா. அம்மா இப்போதே ‘எபா’ சொல்லிப் பழகுகிறார்.