ஓடையோரம் புல் நட்டால் எருத் தண்ணீர் நிற்குமா?

நானுஓயா தோட்டக்காரி:
வணக்கம். சரிவில் நாற்பது பேர்ச் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். நிலம் முடிகிற இடத்தில் ஓடை. கீழ் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் அதில்தான் குழாய் போட்டுக் குடிக்க எடுக்கிறார்கள். பெருமழை விட்டதும் போய்ப் பார்த்தால் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறம், கோழி எரு வாடை. மனசு கேட்கவில்லை. ஓரமாகப் புல் நட்டால் அடைபடுமாமே, உண்மையா? என்ன புல், எத்தனை அடி? குத்தகை நிலம், நிறைய விட முடியாது.

ராகலை விவசாயி:
உண்மைதான் தங்கச்சி. எருவில் இருக்கிற சத்துகளில் பொஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். அடர்ந்த புல்லில் தண்ணீர் வேகம் குறைந்தால் மண் படியும், அதுவும் கூடவே நிற்கும். இன்னொரு சத்தான நைட்ரேட் கரைந்து மண்ணுக்கடியால் இறங்கும். அதில் வேர் உறிஞ்சுகிற அளவுதான் குறையும்.

ஆனால் முதலில் கானை, அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்காலைப் பாருங்கள். கிழங்கு அழுகக்கூடாது என்று நம்ம பக்கம் பாத்தியையும் கானையும் மேலிருந்து கீழே நேராக இழுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் புல்லை ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டு ஓடையில் விழும். இரண்டு பக்கமும் புல் செழிப்பாக நிற்கும், பிரயோசனம் இல்லை. கானைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, மண் தங்க இடையிடையே குழி வெட்டி, தண்ணீர் பரவலாகப் புல்லுக்குள் இறங்கும்படி விடுங்கள். பத்தடியாவது வேண்டும், சரிவு கூடினால் அகலமும் கூட வேண்டும்.

கந்தப்பளை அக்கா:
சவந்தரா (வெட்டிவேர்ப் புல்) வேர் நல்ல ஆழம் போகும், ஆனால் நுவரெலியாப் பக்கத்து உறைபனியில் மெதுவாகத்தான் வளரும். மானாப் புல் நம்ம மலைக்குப் பழகியது. அரை அடிக்கு ஒரு தூராக நெருக்கி, மழைக்கு முன்பே நடுங்கள். கிக்குயுப் புல் வேண்டாம், கொடி ஓடிப் பாத்திக்குள் வந்தால் பிடுங்கி மாளாது. அப்படியே விடாமல் வெட்டி மேல் பாத்திகளுக்கு மூடாக்காகப் போடுங்கள். புல் எடுத்த சத்து திரும்ப நிலத்துக்கே வரும்.

நானுஓயா தோட்டக்காரி:
நன்றி அக்கா. அப்போ லயத்து ஆட்கள் பயமில்லாமல் குடிக்கலாமா?

ராகலை விவசாயி:
இல்லை. புல் கிருமியை முழுக்க நிறுத்தாது, அவர்கள் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். நைட்ரேட்டோ கொதித்தாலும் போகாது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் குழாயின் தலையை உங்கள் நிலத்துக்கு மேலே மாற்றச் சொல்லிப் பேசுங்கள், மேலே வேறு மரக்கறி நிலம் இல்லை என்றால். எருக் குவியலை ஓடையிலிருந்து தள்ளி வைத்து படங்கு போட்டு மூடுங்கள். வானம் கறுத்திருக்கும்போது எரு போடவே வேண்டாம்.